நாக்கு போனால் என்ன, கை இருக்கிறதே

பழைய தேவதைக் கதைகளை இந்தக் காலத்து மிகுபுனைவாக (ஃபேண்டஸியாக) எழுதிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றீர்கள். என்னுடையது பாம்பனில் நடந்தது.

எடுத்துக்கொண்டது டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக் கதை. 1989இல் வந்த டிஸ்னி படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கல்யாணத்தோடு சுபம். மூலத்தில் கால் தருவதற்கு விலையாகச் சூனியக்காரி கடற்கன்னியின் நாக்கை அறுத்து எடுத்துக்கொள்கிறாள். கால் முளைத்த பிறகு ஒவ்வொரு அடியும் கத்திமேல் வைத்ததுபோல் வலிக்கும். இளவரசனோ வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். நான் அவனை விசைப்படகு முதலாளி மகனாக்கினேன், வலியை அப்படியே வைத்தேன்.

என் சித்தி கடலில் பாசி எடுக்கப் போகிறவர். சேலைக்கு மேல் டீ-ஷர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். கத்தி வருகிற இடத்தைப் படித்துக் காட்டியதும் காலைத் தூக்கிக் காட்டினார். பாதமெல்லாம் பாறை கிழித்த தழும்பு. "இதுக்கு எதுக்குத்தா சூனியக்காரி?"

அப்புறம் கேட்டார்: "நாக்கு போனா என்ன, கை இருக்குல்ல? தண்ணிக்குள்ள நாங்க என்ன வாயத் தொறந்தா பேசுறோம்?"

கதையின் நடுப்பகுதி மொத்தமும் அதற்குப் பிறகு எழுதியதுதான். கரையேறியவள் பாசிப் பெண்களோடு சேர்கிறாள். அவள் சாடை அவர்களுக்கு உடனே புரிகிறது. அவள் ஊமையாகத் தெரிவது முதலாளி மகனுக்கு மட்டும். முடிவைத் தொடவில்லை. மூலத்தில் அவள் நுரையாகி, பிறகு காற்றின் மகளாக எழுகிறாள். கொண்டல், கச்சான் என்று காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிற ஊரில் இதைவிட நல்ல முடிவு எங்கே கிடைக்கும்?

—

பாம்பன்காரரின் கதையைப் படித்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கடற்கன்னி என்றால் ஆவுளியாதான், அதாவது கடல்பசு. துடுப்புக்கு அடியில் மார்பு. குட்டிக்குப் பால் கொடுக்கும். மாலுமிகள் அதைப் பெண்ணென்று நினைத்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மச்சான் வலையில் ஒன்று மாட்டி, வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். மேலே வந்து அது புஸ்ஸென்று மூச்சுவிட்டதை மூக்கை விடைத்துச் செய்தே காட்டினான். நீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. வலைக்குள்ளேயே சிக்கிக் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

அதனால் என் கதையில் அவள் கரைக்கு வருவதில்லை, அவன்தான் இறங்குகிறான். சூனியக்காரி கேட்கிற விலையும் நாக்கு இல்லை, அவன் மூச்சு. முடிவு இன்னும் அமையவில்லை. காற்றின் மகளைத்தான் நீங்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டீர்களே!