முழு மாரத்தான் பயிற்சி: கூடுதலாக உழைத்தும் வேகம் குறைந்துகொண்டே வருவது ஏன்?

கேள்வி: தெப்பக்குளத்துக்காரன், மதுரை (செப்டம்பர் 22)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் எச்சரித்த பிறகு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாக மாறி, சென்ற பிப்ரவரியில் முதல் அரை மாரத்தானை 2 மணி 14 நிமிடத்தில் முடித்தேன். அந்த மகிழ்ச்சியில், வரும் ஜனவரியில் சென்னையில் முழுத் தொலைவான 42.195 கி.மீ. ஓடுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

காலை 4.15 மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, 4.45 மணிக்குத் தெப்பக்குளத்தில் இருப்பேன். திங்கள் முதல் சனி வரை நாள்தோறும் 8 கி.மீ.; ஞாயிறன்று அழகர்கோவில் சாலையில் 12 கி.மீ. சென்று திரும்புவேன். வீடு திரும்பியதும் தண்ணீர் பிடிப்பது, காய் நறுக்குவது, மகளைப் பள்ளிக்குக் கிளப்புவது ஆகியவை என் பொறுப்பு; ஆசிரியையான என் மனைவி 7.40 பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வங்கியிலிருந்து வீடு வர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது, படுக்கும்போது பதினொன்று.

கடந்த ஆறு வாரங்களாக ஏதோ சரியில்லை. ஜூலையில் 50 நிமிடத்தில் ஓடிய அதே 8 கி.மீ.க்கு இப்போது 54 நிமிடம் ஆகிறது. அதற்கும் மூச்சு வாங்குகிறது. ஓடும்போது இதயத்துடிப்பு 165-க்குக் கீழே இறங்குவதில்லை. காலையில் கண் விழித்ததும் 54 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 63 ஆக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிவிட்டு வந்து நண்பகல் வரை தூங்கிவிடுகிறேன். சென்ற வாரம் மகள் பென்சிலைத் தொலைத்ததற்காக அவளைக் கடுமையாகத் திட்டிவிட்டேன்; அது இன்னும் என்னை உறுத்துகிறது. உடன் ஓடும் நண்பர் ஒருவர் வாரத் தொலைவை இன்னும் கூட்டினால் உடல் பழகிவிடும் என்கிறார். கூட்டுவதா, அல்லது முழு மாரத்தானை விட்டுவிட்டு அரை மாரத்தானோடு நின்றுகொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில்: அடையாறு ஓட்டக்காரர், சென்னை (செப்டம்பர் 22)

தம்பி, எனக்கு வயது 58. பதினாறு ஆண்டுகளாக ஓடுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் நாற்பத்தாறாவது வயதை யாரோ எழுதிக் காட்டியது போல இருந்தது.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். அரை மாரத்தானை 2 மணி 14 நிமிடத்தில் முடித்தீர்கள் என்றால், அன்றைய வேகம் கி.மீ.க்கு ஏறத்தாழ 6 நிமிடம் 21 விநாடி. 8 கி.மீ.யை 50 நிமிடத்தில் ஓடுவது என்றால் கி.மீ.க்கு 6 நிமிடம் 15 விநாடி. அதாவது, ஆண்டுக்கு ஒருமுறை மார்பில் எண் குத்திக்கொண்டு ஓடிய வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில், ஐந்தேகால் மணி நேரத் தூக்கத்தோடு, வாரத்தில் ஆறு நாள் ஓடியிருக்கிறீர்கள். உங்கள் வயதுக்கு 220-இலிருந்து 43-ஐக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 177 என்று வரும். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துக்கும் மேல் மாறலாம். ஆனாலும் 165 என்பது உச்சத்தை ஒட்டிய உழைப்பு என்பதில் ஐயமில்லை. விழித்தெழும்போதே நாடி ஒன்பது துடிப்பு கூடியிருப்பது, முந்தைய நாளின் களைப்பு தீர்வதற்குள் உடல் அடுத்த ஓட்டத்திற்கு இழுத்துச் செல்லப்படுகிறது என்பதன் அடையாளம். இந்த நிலையில் தொலைவைக் கூட்டுவது தவறு. உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தாலும் அதைக் கேட்காதீர்கள்.

நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு வேண்டிய அடித்தளம் பெரும்பாலும் மெதுவான ஓட்டத்தில்தான் உருவாகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறன் வளர்வதும், தசைநார்கள் மெல்ல மெல்ல உறுதிப்படுவதும் மாதக்கணக்கில் நடக்கும் வேலைகள். நாள்தோறும் தன்னை வருத்திக்கொள்பவனுக்கு அவற்றுக்கான அவகாசம் கிடைப்பதில்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெலையே வாரந்தோறும் மலைச் சாலைகளில் ஏறத்தாழ 35 கி.மீ. ஓட வைத்தார், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அண்மைக் காலத்தில், நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் செய்லர் என்ற உடற்பயிற்சி அறிவியலாளர், தலைசிறந்த நெடுந்தொலைவு வீரர்கள் தங்கள் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எளிதான வேகத்திலேயே செய்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். முழு நேரமும் ஓய்வும் பயிற்சியுமாக வாழ்பவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால், வேலையும் வீடும் உள்ள நமக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்றே நான் நினைக்கிறேன்.

எளிதான வேகம் எது என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இது: ஓடிக்கொண்டே ஒரு திருக்குறளை இரண்டு அடியும் சேர்த்து, நடுவில் மூச்சை இழுக்காமல், தெளிவாகச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் முடியாவிட்டால் ஒரு நிமிடம் நடங்கள். உங்களுக்கு அது துடிப்பு 140-க்குள்ளும், வேகம் தொடக்கத்தில் கி.மீ.க்கு 8 நிமிடத்துக்கு மேலும் இருக்கக்கூடும். தெப்பக்குளத்தில் உங்களை எல்லோரும் முந்திச் செல்வார்கள். முதல் மூன்று வாரங்கள் அது மனத்துக்கு மிகக் கடினம். கால்களைவிட மனத்தைத்தான் அப்போது அடக்க வேண்டியிருக்கும்.

ஞாயிறையும் சேர்த்து ஏழு நாளும் ஓடுவதை நான்கு நாளாக்குங்கள். செவ்வாயும் வெள்ளியும் 8 கி.மீ. மெதுவாக ஓடுங்கள். புதன்கிழமை மட்டும், உடல் சூடேறிய பிறகு, மூன்று மூன்று நிமிடமாக ஐந்து முறை விறுவிறுப்பாக ஓடி, இடையில் நடந்து இளைப்பாறுங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டம். மற்ற மூன்று நாட்களும் 5.45 வரை தூங்குங்கள். ஓடும் நாட்களுக்கு முந்தைய இரவுகளில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு 9.30-க்குப் படுக்க முயலுங்கள். இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு, பத்து நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாளை நான் எனக்குக் கொடுக்க மறுத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்து, பத்து நாளுக்குப் பதிலாகப் பத்து வாரம் உட்கார்ந்திருந்தேன்.

பதில்: கோவைச் செவிலி (செப்டம்பர் 23)

வணக்கம் அண்ணா. மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் பயிற்சியை மாற்றுவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். இதே உழைப்புக்கு வேகம் குறைவது, மூச்சு வாங்குவது, எரிச்சல், பகல் தூக்கம் ஆகிய அனைத்தும் அதிகப் பயிற்சியாலும் வரலாம், இரத்தசோகையாலும் வரலாம், தைராய்டு குறைபாட்டாலும் வரலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. உங்களுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததால் அதையும் மறுபடி பார்த்துவிட வேண்டும்.

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்றைக்கூட நிற்காமல் ஓட முடியாத நிலைக்கு வந்தேன். அந்தச் சுற்று வெறும் இரண்டரை கி.மீ.தான். இரவுப் பணியின் களைப்பு என்றே ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளுக்கு நாள்தோறும் இரத்தம் எடுக்கும் எனக்கு, என் இரத்தத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.4, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. பெண்களுக்கு மாதவிடாயால் இது எளிதில் நேர்கிறது. ஆனால் ஆண்களும் விதிவிலக்கல்லர். ஓடும்போது பாதம் தரையில் மீண்டும் மீண்டும் மோதுவதால் சிவப்பணுக்கள் சிறிதளவு சிதைகின்றன. வியர்வையிலும் குடலிலும் சிறிது இரும்பு இழக்கப்படுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம் என்பதால், அதையும் சேர்த்து எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதிக்காமல் மருந்துக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். தேவையில்லாதவருக்கு அது தீங்கு செய்யும்.

சாப்பிட்டவுடன் காப்பியோ தேநீரோ குடிக்கும் வழக்கம் இருந்தால், ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதை அவை தடுக்கின்றன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். இரவுப் பணி முடிந்து வரும் காலைகளில் நான் ஓடுவதே இல்லை. முதலில் தூக்கம், ஓட்டம் மாலையில், அதுவும் வீட்டில் இரவுச் சமையலை வேறொருவர் ஏற்றுக்கொண்டால்தான். இந்த ஏற்பாட்டை என் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகுதான் என் பயிற்சி நிலைத்தது. உங்கள் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிகிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் அண்ணா.

பதில்: தாமிரபரணிச் சைக்கிள்காரன், நெல்லை (செப்டம்பர் 25)

அண்ணாச்சி, நான் ஓட்டக்காரன் அல்லன்; பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கி.மீ. முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு சைக்கிள் பயணங்களுக்குச் செல்பவன். மற்றவர்கள் தொடாத ஒன்று என் கண்ணில் பட்டது: ஒரு டம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஞாயிறன்று 24 கி.மீ. ஓடுகிறீர்கள். நடுவில் எதையாவது சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை.

சமதளத்தில் ஒரு கி.மீ. ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் 24 கி.மீ.க்கு 1,680 கலோரி. தசைகளிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து பொதுவாக 2,000 கலோரிக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். கொழுப்பும் உடன் எரிவதால் நீங்கள் சாலையில் விழாமல் வீடு வந்து சேர்கிறீர்கள். ஆனால் அந்த நண்பகல் வரையிலான தூக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கிளம்பும் முன் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. பேரீச்சை, கருப்பட்டித் துண்டு ஆகியவையும் உதவும். எங்கள் பக்கத்துக் கோவில்பட்டி கடலை மிட்டாய் சைக்கிளுக்கு நன்றாக ஒத்துவருகிறது; ஓட்டத்தில் வயிறு குலுங்கும்போது கடலை சீக்கிரம் செரிக்காது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரையும் கணக்கின்றிக் குடிக்காதீர்கள். பல மணி நேரம் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ கையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் மோர் ஊற்றிய பழைய சோறும் சின்ன வெங்காயமும் எனக்கு எந்த டப்பா மாவையும்விடப் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

கேள்வி கேட்டவர்: தெப்பக்குளத்துக்காரன் (நவம்பர் 10)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 13.8 என்று சரியாகவே இருந்தது. ஃபெரிட்டின் 19 என்று வந்ததால் மருத்துவர் மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பத்து நாள் ஓடாமல் இருந்தது, அடையாறு ஐயா சொன்னதைப் போலவே, மிகக் கடினமாக இருந்தது. பிறகு துடிப்பை 138-க்குள் வைத்து ஓடத் தொடங்கியபோது கி.மீ.க்கு 8 நிமிடம் 20 விநாடி ஆனது. இடையிடையே நடக்கவும் வேண்டியிருந்தது. இப்போது அதே துடிப்பில் 7 நிமிடம் 40 விநாடியில் ஓடுகிறேன், நடக்காமல். விழித்தெழும் நாடி 55-க்குத் திரும்பிவிட்டது.

கோவைத் தங்கை சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். ஞாயிறு என்று ஒரு நாள் தனக்கு இருப்பதே மறந்துவிட்டது என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் பேச முடியவில்லை. இப்போது ஞாயிறு நண்பகல் சமையல் என்னுடையது. சென்ற வாரம் தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் வரை ஒரே திசையில் ஓடினேன். சித்திரையில் அழகர் இறங்கி வரும் வழியிலேயே எதிர்த்திசையில் ஏறிச் செல்வது மனத்துக்கு இதமாக இருந்தது. மனைவியும் மகளும் பேருந்தில் அங்கே வந்துவிட்டார்கள். கோவில் தோசையை மூவரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேருந்திலேயே திரும்பினோம்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். ஐப்பசி மழையில் இரண்டு ஞாயிறுகள் தவறிவிட்டன. நான் பின்பற்றும் அட்டவணையில் 32 கி.மீ. ஓட்டம் மூன்று முறை வருகிறது. தவறியதை ஈடுகட்ட அடுத்தடுத்த வாரங்களில் அதை ஓடிவிடலாமா?

பதில்: அடையாறு ஓட்டக்காரர் (நவம்பர் 11)

ஈடுகட்ட வேண்டாம் தம்பி. தவறிய ஓட்டம் தவறியதாகவே இருக்கட்டும். உங்கள் இப்போதைய வேகத்தில் 32 கி.மீ. என்பது நான்கு மணி நேரத்துக்கும் மேல். அதிலிருந்து மீள இரண்டு வாரம் ஆகும். பயனைவிடக் காயத்துக்கான வாய்ப்பே மிகுதி. தொலைவை மறந்துவிட்டு மூன்றரை மணி நேரம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள்; 27 கி.மீ. வந்தாலும் போதும். அப்படி இரண்டு ஓட்டங்கள், நடுவில் ஒரு வாரம் 16 கி.மீ. மட்டும். கடைசி நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னதாக, மார்கழித் தொடக்கத்தில் முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு 18, அடுத்த ஞாயிறு 12. புதன்கிழமை விறுவிறுப்பை மட்டும் சிறிதளவு விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கால்கள் மந்தமாகிவிடும்.

புதிய காலணி வாங்குவதாக இருந்தால் இந்த மாதமே வாங்கி, குறைந்தது 80 கி.மீ. அதில் ஓடிவிடுங்கள். சென்னையில் ஜனவரியிலும் கடற்கரை ஈரப்பதம் இருக்கும். மதுரைக் காலையில் உங்களுக்கு 138 காட்டும் வேகம் இங்கே 145 காட்டலாம். ஐந்து மணி நேரத்தில் முடிக்க எண்ணினால் சராசரியாகக் கி.மீ.க்கு 7 நிமிடம் 6 விநாடி வேண்டும். இன்றைய நிலையில் 5 மணி 20 நிமிடம்தான் உங்களுக்குப் பொருத்தமான இலக்கு என்று எனக்குப் படுகிறது. முதல் 10 கி.மீ.யில் 7 நிமிடம் 40 விநாடிக்கு வேகமாக ஓடாதீர்கள். அன்று 30-ஆவது கி.மீ.க்கு மேல் உங்களைப் போன்றவர்கள் நடக்கத் தொடங்கும் பகுதியில் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவனாக நானும் நிற்பேன். தெப்பக்குளத்துக்காரன் என்று சொல்லுங்கள், உப்புக் கரைசல் தனியாக எடுத்துவைக்கிறேன்.