ஜான் ஹால் சொந்தப் பட்டறையை விட்டது ஏன்?

கேள்வி:
பின்பக்கமாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கியை வடிவமைத்த அமெரிக்கர் ஜான் ஹால் எந்த வருடம் எங்கே வேலை செய்தார் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். 1811இல் காப்புரிமை வாங்கும்போது போர்ட்லண்டில் சொந்தப் பட்டறையில் இருக்கிறார், 1819இல் பார்த்தால் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதசாலையில். ஏன் இந்த மாற்றம்? காப்புரிமையில் வில்லியம் தார்ன்டன் பெயர் எப்படி வந்தது?

பதில் 1:
தார்ன்டன்தான் அப்போது காப்புரிமை அலுவலகத்தின் தலைவர்! இதே யோசனை தனக்கு முன்பே வந்ததாகச் சொன்னார், ஹாலும் வேறு வழியில்லாமல் பங்கு கொடுத்தார். எனக்கு அது பகல் கொள்ளையாகத்தான் படுகிறது. 1819 மாற்றத்துக்குக் காரணம் 1,000 துப்பாக்கிக்கான அரசு ஒப்பந்தம். ஆனால் மனிதர் துப்பாக்கிக்கு முன்னால் அதைச் செய்யும் இயந்திரங்களைச் செய்ய உட்கார்ந்துவிட்டார், எந்தத் துப்பாக்கியின் பாகமும் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்ற பிடிவாதம், அதனால் ஒப்பந்தம் முடியவே பல வருடங்கள் இழுத்தது.

பதில் 2:
ஆவணம் தேடும்போது கவனம். போர்ட்லண்ட் இருக்கும் மெயின் 1820 வரை தனி மாநிலம் இல்லை, மாசசூசெட்ஸில் தேடுங்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரியும் அப்போது வர்ஜீனியாதான்.

பதில் 3:
துப்பாக்கி தயாரிப்பாளர் சிமியன் நார்த்தையும் சேர்த்துப் பாருங்கள். கனெக்டிகட்டில் அவர் செய்த ஹால் துப்பாக்கிகளின் பாகங்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்தவற்றோடு பொருந்தின. அப்புறம், ஹால் 1840இல் மிசௌரிக்குப் போய், அடுத்த வருடமே இறந்துவிட்டார்.