1915 கோக் மாதிரி பாட்டில்: யார் யார் கைக்குப் போனது என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

பழம்பொருள்_கோவை
வணக்கம். இண்டியானா மாநிலம் டெர்ரே ஹாட்டில் இருந்த ரூட் கிளாஸ் கம்பெனி 1915-இல் செய்த கோகோ-கோலா மாதிரி பாட்டில் (உற்பத்திக்கு முன் சோதனையாக வார்த்தது) என்று சொல்லி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் சொல்லும் வரிசை: முதலில் அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளி ஒருவர், பிறகு அவர் மகள், 1970-களில் ஒரு சேகரிப்பாளர், 1990-களில் ஓர் ஏலம், அதன்பின் இவர். அவர் காட்டும் தாள்கள் மூன்று. 1958 என்று தேதியிட்டு மகள் எழுதிய கடிதம், ஏலப் பட்டியலின் ஒரு பக்க நகல், நோட்டரி முத்திரை போட்ட அஃபிடவிட். இவற்றை எந்த வரிசையில் சோதிப்பது? பாட்டிலில் "நவம்பர் 16, 1915" என்ற காப்புரிமைத் தேதி புடைப்பெழுத்தில் இருக்கிறது.

குமிழி
அந்தத் தேதியிலிருந்தே தொடங்குங்கள். 1915 நவம்பர் 16 என்பது வடிவக் காப்புரிமை 48160 வழங்கப்பட்ட நாள். 1916-இல் விற்பனைக்கு வந்த சாதாரண பாட்டில்களிலும் அதே தேதிதான் இருக்கும். அவை லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டவை. அதனால் தேதியை வைத்து மாதிரி என்று சொல்லவே முடியாது. அந்த ஆகஸ்டிலேயே விண்ணப்பம் போய்விட்டது, மாதிரிகள் அதற்கும் முன்பு வார்த்தவை. அப்படியிருக்க, நவம்பர் தேதி அச்சில் எப்படி வந்தது என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது இடுப்பு. ரூட் கம்பெனியின் வடிவமைப்பாளர் ஏர்ல் டீன் வரைந்த முதல் வடிவத்தில் நடுவயிறு அடிப்பாகத்தைவிட அகலம். கன்வேயரில் நிற்காமல் சாயும் என்பதால்தான் அது உற்பத்திக்குப் போகவில்லை. வயிற்றைக் குறைத்த பிறகே 1916 பாட்டில் வந்தது. பிளாஸ்டிக் தாடை உள்ள காலிப்பரால் (இரும்புத் தாடை கீறும்) வயிற்றின் குறுக்களவையும் அடியின் குறுக்களவையும் 0.1 மி.மீ. துல்லியத்தில் எடுங்கள். வயிற்றளவை அடியளவால் வகுத்து, காப்புரிமை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து எடுக்கும் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் 1-ஐத் தாண்டவில்லை என்றால் தாள்களைப் புரட்டுவதே வீண். படத்திலிருந்து அளப்பதானால் 2 மீட்டராவது தள்ளி நின்று, லென்ஸைப் பாட்டிலின் நடு உயரத்தில் வைத்து, ஜூம் செய்து எடுத்த படம் வேண்டும். செல்போனைக் கிட்டே வைத்து எடுத்தால் வயிறு ஊதித் தெரியும். அதைப் பார்த்தே ஏமாறுகிறவர்கள் உண்டு. பிற்காலத்தில் செய்த நினைவுப் பதிப்புகளும் சுற்றுகின்றன, எடையையும் அடிக்குறியையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, ஏலப் படத்தில் இருப்பதும் இப்போது விற்பதும் ஒரே பாட்டில்தானா என்பது. எழுத்தும் அச்சுக்கோடும் (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) பொருந்துகிறது என்று நிறையப் பேர் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். பொருந்தத்தான் செய்யும், ஒரே அச்சில் வார்த்த எல்லாவற்றிலும் அவை ஒன்றே. ஒரு பாட்டிலுக்கு மட்டும் உரியவை கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து அதன் பின்னே விளக்கைப் பிடித்தால் எள்ளைப் போல நீளவாட்டில் இழுபட்டுத் தெரியும். "முதல் C-யின் அடியிலிருந்து 6 மி.மீ. கீழே, கோட்டுக்கு இடப்புறம் 4 மி.மீ." என்று மூன்று குமிழிகளைக் குறித்துக்கொண்டால் அதுவே அந்தப் பாட்டிலின் கைரேகை.

ஆவணம்_திருச்சி
குமிழி சொன்ன விகிதம் தேறினால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அஃபிடவிட்டைக் கடைசியில் வையுங்கள். நோட்டரி உறுதி செய்வது கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது அவர் பொறுப்பில்லை.

1958 கடிதத்தில் முகவரியை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் (நம் பின்கோடு போன்றது) வந்தது 1963 ஜூலையில். எல்லா மாநிலங்களையும் இரண்டு பெரிய எழுத்தில் (இண்டியானாவுக்கு "IN") சுருக்கும் வழக்கமும் அதே ஆண்டில்தான், அதற்கு முன் இண்டியானாவை மூன்றெழுத்தில் "Ind." என்றுதான் சுருக்கினார்கள். இந்த இரண்டில் ஒன்று 1958 கடிதத்தில் இருந்தால் முடிந்தது கதை. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வெளுப்பூட்டி கலந்த தாள். அது 1950 வாக்கில்தான் காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தது, ஆகவே 1958 கடிதம் ஒளிர்ந்தால் அது மட்டும் பொய் என்பதற்கு ஆதாரமாகாது. 1915, 1920 என்று தேதியிட்ட தாள் ஒளிர்ந்தால் பொய். பால்பாயின்ட் பேனாவும் அப்படித்தான், அமெரிக்கக் கடைகளுக்கு 1945 அக்டோபரில் வந்தது.

தொழிலாளியின் பெயரை வாங்குங்கள். 1910, 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில், தொழிற்துறை இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இடையில் உள்ள 1915-க்கு டெர்ரே ஹாட் நகர டைரக்டரி (ஊர்வாசிகளின் பெயர், தொழில், முகவரி அச்சிட்ட புத்தகம்). அந்த ஊர் இருக்கும் விகோ கவுன்டியின் (மாவட்டம் போன்றது) பொது நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். (பாட்டில் வடிவத்துக்கு வழிகாட்டிய கோகோ காய்ப் படத்தை டீன் கண்டதும் அதே ஊர் நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில்தான்.) பிறகு அவரும் மகளும் இறந்த ஆண்டுகளைப் பிடித்து, அந்தந்தக் கவுன்டி நீதிமன்ற கிளார்க்கிடம் உயில் கோப்பு கேளுங்கள். "வீட்டுச் சாமான்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள், பாட்டில் தனியாக இருக்காது. அதனால் கதை பொய்யாகிவிடாது. ஆனால் வாரிசுகள் யார் யார் என்பது அதில் தெரியும். மகளுக்கு மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தால், பாட்டில் எப்படி மகளுக்கு மட்டும் வந்தது என்ற கேள்வி எழும்.

இன்னொன்று: காப்புரிமை தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அலெக்ஸாண்டர் சாமுவேல்சன் பெயரில் இருக்கிறது, வரைந்தவர் டீன். கடிதம் சாமுவேல்சனை மட்டும் சொல்கிறது என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பழம்பொருள்_கோவை
மிக்க நன்றி. விகிதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு சிக்கல்: ஏலப் பட்டியல் படம் கறுப்பு வெள்ளை, தபால்தலை அளவுதான். பாட்டிலை நடுவில் யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள் என்று விற்பவரே சொல்கிறார்.

குமிழி
மெருகேற்றியதால் பெரிய நஷ்டமில்லை. செம்புக் கம்பித் துண்டுகளும் பாலிஷ் பொடியும் போட்டு உருட்டும்போது அடிவட்டத் தேய்மானமும் மேல் கீறல்களும்தான் அழியும். உள்ளே இருக்கும் குமிழி அப்படியே இருக்கும். மேற்பரப்பில் வாய் திறந்த குமிழிகளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றின் விளிம்பு மாறியிருக்கும். அதே புற ஊதா டார்ச்சைப் பாட்டிலின் வாய் விளிம்பில் அடியுங்கள். ரெசின் வைத்து ஒட்டியிருந்தால் கண்ணாடிக்கு மாறான நிறத்தில் ஒளிரும்.

சிறிய படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்வதில் பயனில்லை, அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகும். ஏல நிறுவனத்துக்கு லாட் எண்ணும் (ஏலத்தில் அந்தப் பொருளுக்கு இட்ட எண்) தேதியும் சொல்லி மூலப் படமோ நெகட்டிவோ இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தவர், வாங்கியவர் பெயரை அவர்கள் சொல்லமாட்டார்கள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அனுப்பி வைக்கும்படி கேட்கலாம். நகல் பக்கத்தை நம்பாமல் முழுப் பட்டியலையும், எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்று காட்டும் விலைத்தாளையும் தேடி வாங்குங்கள். விற்காமல் திரும்பிய லாட்டாக இருந்தால் கை மாறவே இல்லை, வரிசை அங்கேயே அறுந்துவிடும்.

ஆவணம்_திருச்சி
விலை பேசும்போது: 2011-இல் ஜூலியன்ஸ் ஏலத்தில் மாதிரி பாட்டில் ஒன்று 2,40,000 டாலருக்குப் போனது. அந்தத் தொகையைக் காட்டி விலை சொல்வார்கள், வரிசை உறுதியாகாத பாட்டிலுக்கு அது பொருந்தாது. திருட்டுப் பொருளானால், தெரியாமல் வாங்கியிருந்தாலும் அமெரிக்கச் சட்டப்படி உரிமை உங்களுக்கு வராது. ஆகவே திருடுபோன கலைப்பொருள்களின் பதிவேடான ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரில் ஒரு தேடல் போடுங்கள். ஒப்பந்தத்தில் குமிழி அளவுகளோடு படங்களை இணைத்து, "உரிமை என்னுடையது, வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை" என்று விற்பவர் எழுதித் தர வேண்டும். மாதிரி அல்ல என்று பின்னால் தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்பதைத் தனி வரியாக, எத்தனை மாதத்துக்குள் என்ற கெடுவோடு போடுங்கள்.