அழைக்காமலே வந்து குடியேறியவை: பவளத் தொட்டி அனுபவங்கள்

புதிதாகக் கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்த ஒரு தம்பி, மணல் முழுக்கப் பழுப்பாகப் படிந்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்டிருந்தார். எதையும் ஊற்ற வேண்டாம் தம்பி. அது டயட்டம் என்ற நுண்பாசி. புது மணலிலும் பாறையிலும் இருந்து கரையும் சிலிக்கேட்டை எடுத்துக்கொண்டு வளர்கிறது. அது தீர்ந்ததும் தானாக அடங்கிவிடும். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தொட்டியிலும் முதலில் வந்தது அதுதான். குழாய்நீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ வடிகட்டியில் கடைசியாக இருக்கும், மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் நிறம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரெசின் செத்துப்போனால் நீங்கள் ஊற்றும் தண்ணீரோடு சிலிக்கேட்டும் வந்துகொண்டே இருக்கும். இங்கே குழாய்நீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினி கலப்பதால் வடிகட்டியின் கார்பனையும் நான் காலம் தாழ்த்தாமல் மாற்றிவிடுவேன்.

கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் அது நடந்துவிடும். கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். பாறை மேல் யார் இடம் பிடிப்பது என்ற போட்டி அப்போதுதான் தொடங்குகிறது. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையில் கடற்பஞ்சு, புழு, கோரலைன் என்ற ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி எல்லாம் முன்பே குடியிருக்கும். இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்திலேயே உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிப் பவளங்களை வளர்த்துக் காட்டியது அந்தப் பலத்தில்தான். இப்போது நம்மில் பலர் வாங்குவது காய்ந்த பாறை. அதில் எல்லா இடமும் காலி. அதனால் முதலில் வருகிறவர் இஷ்டத்துக்குப் பரவுகிறார்.

அப்படி வந்தவர்களில் நான் மிகவும் பயந்தது டைனோ (டைனோஃபிளஜெல்லேட்) என்ற ஒற்றைச்செல் உயிருக்குத்தான். மதியம் ஆனால் பாறையிலிருந்து பழுப்புச் சளி நூல் நூலாகத் தொங்கும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. இரவு விளக்கணைந்ததும் பெரும்பகுதி மறைந்துவிடும், காலையில் பார்த்தால் சுத்தமாக இருக்கும், மதியம் திரும்பவும் அதே கோலம். கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பிடி விட்டு விழுந்து, மல்லாந்தபடியே கிடந்தன. அப்போது சோதித்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். தண்ணீர் அவ்வளவு வறண்டு கிடந்தால் பாசிக்குக்கூடச் சாப்பாடு இருக்காது. அந்தக் காலி இடத்தில் டைனோ வளரும். மகளின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். விதை மாதிரி இருந்த ஒவ்வொன்றும், கயிற்றில் கட்டிப்போட்டது போல ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தது. அந்தச் சுழற்சியை வைத்து ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற டைனோ வகை என்று முடிவு செய்தேன். இந்த வகை இரவில் பாறையை விட்டுத் தண்ணீருக்குள் கலந்துவிடும், ஆகவே தண்ணீரில் மிதப்பவற்றைக் கொல்லும் யுவி விளக்கு வேலை செய்யும். யுவி போட்டேன், மீனுக்குத் தீனியைக் கூட்டினேன், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரின் வேகத்தைக் குறைத்தேன். நைட்ரேட் ஐந்தைத் தொட்டது. கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சைப் படலம் படர்ந்தபோது மனசுக்கு அத்தனை நிம்மதி. பச்சை வந்தால் நல்லது, டைனோ பிடித்த இடத்தைச் சாதாரணப் பாசி எடுத்துக்கொள்கிறது, துடைக்க அவசரப்படாதீர்கள்.

சயனோ என்ற செந்நிறப் படலம், முடிப்பாசி என்று இன்னும் சில உண்டு. எனக்கும் வந்தன, போயின.

அப்புறம் ஒரு பழக்கம் சொல்கிறேன். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்காருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் பொடியாக நின்று நின்று துள்ளுபவை கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள். பாறை இடுக்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி, மிஞ்சிய தீனியை இழுத்துப்போவது பிரிசில் புழு. அதைப் பிடித்து வெளியே போடாதீர்கள், துப்புரவு வேலை அதனுடையது. ஆனால் வெறும் கையால் தொடக் கூடாது, முள் ஏறிவிடும். தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் இருக்கும் சம்ப்பின் இருட்டில் வெள்ளைக் கடற்பஞ்சு மொட்டு விடும். இவர்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் என் பின்கண்ணாடியில் கடுகளவு ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தது. கோரலைன். அதே சமயத்தில் 8.5-இல் அசையாமல் நின்ற டிகேஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை அளவு, மெல்ல இறங்க ஆரம்பித்தது. யாரோ தண்ணீரிலிருந்து கார்பனேட்டை எடுத்து ஓடு கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பவளம் வாங்க நான் நம்பும் கணக்கு இந்த இறக்கம்தான்.

*

மேலே சிங்கப்பூர் அண்ணா எழுதிய டார்ச் விஷயத்தோடு என்னுடையதையும் சேர்த்துவிடுகிறேன். நான் இருப்பது டொராண்டோவில். எனக்கு மாண்டரின் மீன் மேல் கொள்ளை ஆசை. அதற்குப் பெரிய இரைப்பை கிடையாது, பகல் முழுக்க ஒவ்வொரு கோப்பிபாடாகக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் விட்டால் இருக்கிறதைத் தின்று தீர்த்துவிட்டு மெலிந்து சாகும். அதனால் தோழியின் பழைய தொட்டியிலிருந்து கையளவு பாறையும் ஒரு பிடி கீட்டோ பாசியும் வாங்கி சம்ப்பில் போட்டேன். கண்ணாடியைத் துடைத்த மறுநாளே கோப்பிபாட் திரும்ப மொய்க்கும் நிலை வரும்வரை மீன் வாங்கவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. வாங்கும்போதும் அது உறைந்த மைசிஸ் இறாலைக் கொத்துகிறதா என்று கடையிலேயே போடச் சொல்லிப் பார்த்தேன். இப்போது வயிறு உருண்டு நன்றாக இருக்கிறது.

அடுத்து அனிமோன் (பூப்போன்ற கடல் உயிரி) வைக்க எண்ணம். வைத்தவர்கள் எவ்வளவு காலம் பொறுத்தீர்கள், வந்ததும் ஒரே இடத்தில் இருந்ததா, அலைந்ததா என்று எழுதுங்களேன்.