ஒரு சொல்லும் பேசாத கேம்கள்: இன்னும் உங்களை உறுத்தும் காட்சி எது?

பாளையங்கோட்டைக்காரன்
‘இன்சைடு’ கேமை விளையாடியவர்களுக்குக் கதைச் சுருக்கம் தேவையில்லை என்பதால் நேரே அந்த அணிவகுப்புக்கு வருகிறேன். சுயபுத்தி இழந்த மனிதர்கள் வரிசையாக நடக்க, நாம் இயக்கும் சிவப்புச் சட்டைச் சிறுவன் அவர்களில் ஒருவனாகக் கலந்து, அவர்கள் நின்றால் நின்று, குதித்தால் குதித்து, திரும்பினால் தானும் திரும்ப வேண்டும். முகமூடி அணிந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை தன்னிச்சையாக ஓடிய என் விரல் அங்கே முன்னால் நிற்பவனைப் பார்த்து அசையத் தொடங்கியது. பிசகாமல் கடந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் இன்றும் உறுத்துகிறது. கீழ்ப்படிவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, ஆயினும் செய்துவிட்டேன்.

அம்பாசமுத்திரம் ஆற்றங்கரை
எனக்கு, ‘இன்சைடு’ கேமை உருவாக்கிய அதே பிளேடெட் நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ‘லிம்போ’ கேமின் சிலந்திதான். முதலில் அது காலால் குத்த வருகிறது, நாம் இரும்புப் பொறியை அதன் காலடிக்கு இழுத்துவிட்டுத் தப்புகிறோம். அதுவரை நியாயம் நம் பக்கம். பின்னர் ஒற்றைக் காலோடு கிடக்கும் அதனிடமிருந்து அந்தக் காலையும் பிய்த்தெடுத்து, உடலை உருட்டித் தள்ளி, அதன் மேல் ஏறிப் பள்ளத்தைக் கடக்கிறோம். பெட்டியை இழுக்கும் அதே பட்டன்தான். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் கொலை வரும் இடத்தில் காரணத்தையும் சேர்த்துப் பாடிவிடுவார், கேட்பவர் மனம் ஆறிவிடும். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லாததால், நான் சிறிது நேரம் விளையாட்டை நிறுத்திவைத்தேன்.

தென்காசிச் சாரல்
பாளையங்கோட்டை அண்ணாச்சி ‘யாரும் சொல்லித் தரவில்லை’ என்பதை ஏற்க இயலவில்லை. தொடக்கக் காட்டிலேயே டார்ச் வெளிச்சத்தில் பட்டால் என்ன ஆகும், நாய் துரத்தினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்த கேம் நமக்குக் காட்டிவிடுகிறது. செத்துச் செத்துக் கற்ற பிறகுதான் அணிவகுப்பில் அவ்வளவு பணிவாக நின்றோம். வேறு வழியில் கற்பிக்கவும் முடியாது.

என்னை உறுத்துவது ‘இன்சைடு’ கேமின் மாற்று முடிவு: மறைந்திருக்கும் ஒளி உருண்டைகளையெல்லாம் கண்டுபிடித்தபின் சிறுவன் ஒரு பிளக்கைப் பிடுங்க, அவனும் அந்த அடிமைகளைப் போலவே தலை தொங்க நின்றுவிடுகிறான். அதுவரை அவனை ஆட்டியவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிதாக விளையாடுவோருக்குச் சிலவற்றைக் கூறியாக வேண்டும். பிறர் விளையாடிய யூடியூப் காணொளியைத் திறக்காதீர்கள். புதிருக்கு விடை கிடைக்கும், நீங்களே கண்டுபிடிக்கும் கதை போய்விடும். ஹெட்போன் இல்லாமல் தொடங்காதீர்கள். பின்னணிப் பாட்டை நம்பாமல், காட்டின் ஓசையையும் இயந்திர இரைச்சலையும் வைத்தே கதையின் பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வலப்பக்கம் ஓடும் இடத்தில் ஒருமுறை இடப்பக்கமும் போய்ப் பாருங்கள். ‘லிம்போ’ தொடங்கியதும் இடப்பக்கம் நடந்தால் ஒளிரும் முட்டை ஒன்று கிடக்கும். அம்பாசமுத்திரத்துக்காரர் போலப் பாதியில் நிறுத்துவதும் சரியன்று. இவை ஒரே மூச்சில் முடிக்கத்தக்க அளவுக்குச் சிறியவை.

வள்ளியூர்க் காற்று
நான் யாருடைய அறிவுரையையும் கேட்கவில்லை என்றாலும் நன்றி. பார்சிலோனாவின் நோமாடா ஸ்டுடியோ 2018இல் வெளியிட்ட ‘கிரிஸ்’ என்னும் கேமில், குரலை இழந்து நிறமற்ற நிலத்தில் விழுந்த பெண்ணைக் குதிக்கவைக்கலாம் என்று பழக்கத்தில் பட்டனை அழுத்தினேன். அவள் மண்டியிட்டுச் சரிந்தாள். மீண்டும் அழுத்தினேன், மீண்டும் சரிந்தாள். துயரத்தில் இருப்பவளை அவசரப்படுத்துகிறேன் என்று புரிந்ததும் பட்டனை விட்டுவிட்டு, அவள் போக்கிலேயே மெல்ல நடத்திச் சென்றேன். அந்த கேமில் சாவே கிடையாது. செத்துத்தான் கற்க முடியும் என்ற தென்காசிக்காரர், இது எப்படி எனக்குக் கற்பித்தது என்று விளக்கட்டும்.