காசு விற்றவர்கள் சொல்லுங்கள்: எதை நினைத்து இன்னும் மனசு ஆறவில்லை?

பர்மாப்பெட்டி:
வணக்கம். எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம், பங்கு வீடு. மேல்தளம் ஒழுகுகிறது, வளவு முற்றத்தைச் சுற்றி ஓடு மாற்ற வேண்டும், இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் பெயர்ந்துவிட்டது, இந்த வருஷம் வேலையை முடித்தே ஆகவேண்டும் என்று பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசிவிட்டார்கள். என் பங்குக்கு வருவது சின்னத் தொகை இல்லை. அதனால் காசுகளில் ஒரு பகுதியை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கொஞ்சம் எங்கள் ஐயா ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் பார்த்த காலத்தில் வந்தது. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள், பர்மாவின் மிந்தோன் மன்னர் அடித்த மயில் காசு சில, அப்புறம் ஒரு ஓலைக் கொட்டானில் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. மீதி நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலைந்து வாங்கியது. கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "மொத்தமா குடுங்க, தராசுல போட்டுக்கலாம்" என்கிறார். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய பிறகு இதைக் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

நான் மதிப்பு கேட்கவில்லை. விற்ற பிறகு எதை நினைத்து வருந்தினீர்கள்? அது தெரிந்தால் எதை ஒதுக்கி வைப்பது என்று எனக்குப் பிடிபடும்.

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, முதலில் அந்தத் தராசை வெளியே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் 1862 விக்டோரியா ரூபாய் நிறைய இருந்தது. ஒரே வருஷத்துக் காசு இத்தனை எதற்கு என்று அண்ணனும் நானும் நல்ல முகம் உள்ளதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டோம். பிறகுதான் ஒரு கண்காட்சியில் விவரம் கேள்விப்பட்டேன். 1862க்குப் பிறகு 1874 வரை அடித்த ரூபாயிலும் அதே 1862தான் போட்டிருக்கிறார்கள், ஆண்டை மாற்றவே இல்லை. பம்பாய் நாணயச்சாலையில் மட்டும் ஆண்டுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள், சில வகை லேசில் கிடைக்காது. நாங்கள் கொடுத்ததில் எது இருந்தது என்பதே எனக்குத் தெரியாது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அரிய காசு போனது என்று தெரிந்தாலாவது ஒரு முறை வருந்திவிட்டு விட்டுவிடலாம்.

ஐந்தாம் ஜார்ஜில் 1911ஐத் தனியே எடுங்கள். ராஜாவின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று பெரிய சலசலப்பாகி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள், 1912லிருந்து தும்பிக்கை சரியாக வருகிறது. ஆறாம் ஜார்ஜ் 1939 இருந்தால் யாரிடமும் காட்டாமல் முதலில் எடை பாருங்கள், அதில் போலி அதிகம். 1940லிருந்து வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947 புலி போட்டது வெறும் நிக்கல். இவை போனால் போகட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, எனக்கு வெள்ளி விவரம் தெரியாது, பவுன் கதை சொல்கிறேன்.

மகள் கல்யாணத்துக்கு நகை செய்ய, எங்கள் ஆத்தா வைத்திருந்த ராஜா தலைப் பவுன்களை உருக்கக் கொடுத்தோம். எல்லாம் 22 காரட், ஒவ்வொன்றும் எட்டு கிராமுக்கு இம்மி குறைவு, ஆசாரிக்கு வேலை சுலபம். அதில் 1918 போட்டது இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது எங்கள் அப்பச்சி பிறந்த வருஷம். இப்போது பேரன் படித்துவிட்டுச் சொல்கிறான், வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் சவரன் அடித்தது அந்த ஒரே வருஷம்தானாம், பம்பாயில், பின்பக்கம் குதிரைக்குக் கீழே ஆண்டுக்கு மேலே ஆங்கில ஐ எழுத்து சின்னதாக இருக்குமாம். எங்களுடையதில் இருந்ததா? யார் பார்த்தார்கள்!

அதற்காகக் கூட நான் வருந்தவில்லை. அந்த நகையை மகள் கல்யாணத்தன்று போட்டதுதான், இன்றுவரை பேங்க் லாக்கரில் கிடக்கிறது. காசாகவே இருந்திருந்தால் பேரன் பேத்திக்கு ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்திருப்பேன், நகையை எப்படிப் பிய்த்துக் கொடுப்பது? இன்னொன்று. ஆத்தா ஒவ்வொரு காசையும் பழைய கணக்குத் தாளில் பொட்டலமாக மடித்து, மேலே பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். "பினாங்கு, பெரிய அண்ணன் கொடுத்தது", "தீபாவளி, மாமியார்" என்றெல்லாம் இருக்கும். பவுனை ஆசாரியிடம் கொடுத்துவிட்டுத் தாளை அடுப்பில் போட்டோம். உன் ஐயா பெட்டியில் அப்படி ஏதாவது தாள் இருந்தால் காசு போனாலும் தாள் போகக் கூடாது.

காலணா:
எனக்கு மாற்றுக் கருத்து. இந்த மாதிரிப் பேச்சில் எல்லாரும் அழுவது விலைக்காகத்தான். பத்து வருஷம் முன்பு கொடுத்தேன், இன்று இத்தனை மடங்கு ஆகியிருக்கிறது என்று. அது வருத்தமே இல்லை, கணக்கு. அன்று வந்த பணத்தில் பையன் படித்தான் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? நான் என்னிடம் இருந்த 1969 காந்தி பத்து ரூபாய், 2010ல் பெரிய கோவில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய்க் காசு, மலாயா பக்கம் ஓடிய ஸ்ட்ரெயிட்ஸ் டாலர், சைகோனிலிருந்து வந்த பிரெஞ்சு இந்தோசீனக் காசான பியாஸ்தர் எல்லாவற்றையும் கொடுத்தேன். தூக்கம் கெடவில்லை. நாளைக்கே பணம் இருந்தால் இதே காசு இதே தரத்தில் ஏலத்தில் வாங்கிக்கொள்வேன், எல்லாம் இயந்திரத்தில் அடித்தது, ஒன்றுக்கொன்று அச்சு அசல்.

நான் கொடுத்திருக்கக் கூடாதது ஒரு செப்புக் காசு. யாழ்ப்பாண ராஜாக்கள் அடித்த சேது காசு, ஒரு பக்கம் நந்தி படுத்திருக்கும், கீழே தமிழில் சேது என்று எழுத்து. கையால் அடித்த காசு என்பதால் பெரும்பாலும் அச்சு நகர்ந்து, எழுத்தில் பாதி தகட்டுக்கு வெளியே போய்விடும். என்னுடையதில் இரண்டெழுத்தும் முழுசாக விழுந்திருந்தது, சே-யின் கொம்பு கூடத் தெளிவாக இருக்கும். அப்போது நல்ல விலைதான் கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சேது காசு வாங்கிப் பார்த்துவிட்டேன், அந்த மாதிரி விழுந்தது ஒன்றுகூட அமையவில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: திரும்ப வாங்கக் கூடியதை விற்கலாம், கையால் அடித்ததில் நன்றாக விழுந்ததைத் தொடக் கூடாது. உங்கள் அம்மன் காசிலும் பழையது கையால் அடித்தது, பிற்பாடு வந்தது இயந்திரம். இரண்டிலும் ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று இருக்கும். எப்படியும் ஓடு மாற்றுகிற அளவுக்கு அதில் பணம் தேறாது, கொட்டானோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மாப்பெட்டி:
ஆச்சி, பெட்டியின் அடியில் துணி முடிச்சுக்குள் சில சீட்டுகள் இருக்கின்றன, ஐயா கையெழுத்து மாதிரி இருக்கிறது, இன்று இரவு பிரித்துப் பார்க்கிறேன். காலணா அண்ணே, மயில் காசு எந்தக் கணக்கில் வரும்? கடைக்காரர் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தால் விலை ஏறும் என்றும் சொன்னார்.

காலணா:
புளியைக் குழம்புக்கு வையுங்கள். தேய்த்த காசைப் பார்த்தால் சேகரிப்பவன் பாதி விலை கூடச் சொல்லமாட்டான், அந்தக் கறுப்பு படிய நூறு வருஷம் ஆகியிருக்கிறது. உருக்குகிறவனுக்குத்தான் பளபளப்பு ஒன்றும் கெடுதல் இல்லை. அவர் எந்தக் கணக்கில் பார்க்கிறார் என்று இதிலேயே தெரியவில்லையா?

மயில் காசு இயந்திரத்தில் அடித்ததுதான், 1865 வாக்கில் மாந்தலேயில் நாணயச்சாலை வைத்தார்கள். ஆனால் மேலே பர்மிய ஆண்டு 1214 என்றே இருக்கும், அது 1852-53, மிந்தோன் பட்டத்துக்கு வந்த காலம். போலி ஏராளம், கோக்க வளையம் ஒட்டி நகையாக்கியதும் ஏராளம். ஐயாவே கொண்டுவந்தது என்றால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. அந்தச் சீட்டில் ரங்கூன் என்று இருந்தால் சீட்டும் காசும் சேர்ந்தே இருக்கட்டும், பிரித்தால் இரண்டுமே அநாதை.

கோட்டையூர் வாசகன்:
இரண்டு விஷயம் மட்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் ஆள் இருக்கிறார், கூரியரில் அனுப்புங்கள் என்று யாராவது ஆசை காட்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அடுத்தது, பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வாட்சப்பில் வருவது முழு மோசடி. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, என்னிடம் மில்லிகிராம் தராசும் பத்து மடங்கு லென்சும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், 1862 எல்லாவற்றையும் தனித்தட்டில் எடுத்து வையுங்கள், கீழே புள்ளி பார்த்துப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடலாம். கடைக்காரரைத் திங்கட்கிழமைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.