தீக்கல் துப்பாக்கி மான் வேட்டைக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

கருமருந்து:
பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதில் துப்பாக்கி என்றால் தீக்கல் துப்பாக்கி மட்டும்தான். 1974-இல் ஆரம்பித்த வழக்கம். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்துக் கெட்டிக்க வேண்டும். கல் எஃகில் உரசிப் பொறி விழுந்தால்தான் வெடிக்கும். இந்த முறை என் மகளும் வருகிறாள், வயது எட்டு. துப்பாக்கியைத் தொடமாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். இதைக் கேட்டுத் தமிழ் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கறி தின்னும் வீட்டுப் பிள்ளை, ஓர் உயிர் போய்த்தான் அது தட்டுக்கு வருகிறது என்று அறிந்து வளரட்டும் என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நித்திலா:
முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. கறி எங்கிருந்து வருகிறது என்று காட்டக் கோழிக்கடை போதாதா? எனக்கு உறுத்துவது இந்தத் துப்பாக்கிதான். ஒரே வெடி. குறி தப்பி வயிற்றில் பட்டால், மறுபடி கெட்டிப்பதற்குள் மான் காட்டுக்குள் போய்விடும். அது மணிக்கணக்கில் சாகும். அந்த ரத்தத் தடத்தின் பின்னால் உங்கள் மகள் நடந்து வருவாள். அதற்கும் நீங்கள் பொறுப்பு.

கருமருந்து:
நியாயமான கேள்வி. ஒரே வெடி என்பதால்தான் பொறுமை வருகிறது. ஐம்பது கஜத்துக்குள், மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றால் மட்டுமே விசையைத் தொடுவேன். இல்லையென்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கை நிறையத் தோட்டா வைத்திருப்பவர் ஓடுகிற மானைக் கூடச் சுட்டுப் பார்ப்பார். சுடாமல் திரும்பும் நாட்கள்தான் அதிகம், அதையும் அவள் பார்க்கட்டும்.

மலைச்சரிவு:
நானும் வேட்டைக்காரன்தான், தீக்கல்லும் வைத்திருக்கிறேன். தத்துவத்தை அப்புறம் பேசுவோம், முதலில் பிள்ளையை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? வலக்கைத் துப்பாக்கியில், பொறி விழுந்து பற்றும் மருந்துக் கிண்ணம் வலப்புறம் இருக்கிறது. வெடிக்கும்போது, கிண்ணத்து நெருப்பு குழலுக்குள் போகும் பற்றுதுளை வழியாக நெருப்பு பக்கவாட்டில் சீறும். இடப்பக்கம், உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால்தான் அவள் இருக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். இன்னொன்று: கிண்ணம் மட்டும் பளிச்சென்று எரிந்து குழல் வெடிக்காமல் போனால், குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள்தான் ஆர்வத்தில் முன்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள். வீட்டிலேயே அவளுக்குப் பழக்கிவிடுங்கள்.

கருமருந்து:
இடப்பக்கம்தான். குண்டு மருந்தோடு ஒட்டி இறங்கியதா என்று பார்க்கக் கெட்டிக்கோலில் கோடு போட்டிருக்கிறேன். நடுவில் இடைவெளி விழுந்தால் குழலே பிளக்கலாம். அந்தக் கோட்டைச் சரிபார்ப்பது அவள் வேலை. காட்டுக்குள் நடக்கும்போது என்னைக் கை எட்டும் தூரத்தில் பின்தொடர வேண்டும். 2006-இல் இங்கே சிறுவர் வேட்டைத் திட்டம் வந்தது. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு இதே தூரம்தான் விதி. சுடாத பிள்ளைக்கும் அதையே வைத்திருக்கிறேன்.

நித்திலா:
பாதுகாப்பாகச் செய்வீர்கள், நம்புகிறேன். ஆனால் நவம்பரில் இணைசேரும் காலம். டிசம்பர் கடைசியில் நீங்கள் சுடும் பெட்டை மான் பெரும்பாலும் சினையாக இருக்கும். அதை அவளிடம் சொல்வீர்களா?

கருமருந்து:
கேட்டால் சொல்வேன். மறைக்க மாட்டேன். 1900 வாக்கில் இந்த மாநிலத்தில் மான் காண்பதே அரிது. 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். இப்போது பெருகிப்போய் ஓக் கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்கின்றன. பிடித்துத் தின்ன ஓநாயும் இல்லை.

நித்திலா:
அந்த ஓநாய்களைச் சுட்டுத் தீர்த்தவர்களும் துப்பாக்கிக்காரர்கள்தானே! காட்டைக் காக்க என்று எனக்குச் சொல்லுங்கள், ஏற்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியாது. அப்பா ஒரு மானைக் கொன்றார் என்பதுதான் மனதில் நிற்கும். ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் என்றால் தொடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூச்சம் நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

மலைச்சரிவு:
நித்திலா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. வரமாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். வெடிக்குப் பிறகு அவள் அழுதால், குடலெடுக்கும்போது அங்கே நிறுத்தி வைக்காதீர்கள்.
கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-இல் நார்த் டகோட்டாவில் மான் கறியில் ஈயத் துணுக்குகள் தெரிந்தன. கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ஈயக் குண்டில் விழுந்த மானின் கறியைத் தவிர்க்கச் சொன்னார்கள். வேகமான ரைஃபிள் குண்டு சிதறும் அளவுக்கு நம் உருண்டைக் குண்டு சிதறாது. ஆனாலும் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

கருமருந்து:
வெட்டி எறிவேன். வருவதா வேண்டாமா என்று அவளிடம் முந்தைய நாள் இரவும் காலையில் கிளம்பும்போதும் கேட்பேன். நடுவில் போதும் என்றால், மான் எதிரில் நின்றாலும் கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

நித்திலா:
அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அண்ணா, இல்லாவிட்டால் உங்கள் வேட்டை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள். வேட்டை தப்பு என்பதில் நான் மாறவில்லை.